தரையைத் தொடாத வேர்கள்

அன்புத் தோழிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் வலி குறைந்திருக்கிறது என்று படித்ததும் நிம்மதி. இங்கே எல்லோரும் சுகம். மகள் வேலை மாறிவிட்டாள், பெரிய செய்தி அவ்வளவுதான்.

பெண்ணை வரையச் சொன்னால் ஏன் எல்லோரும் மரத்தையும் கொடியையும் சேர்த்தே வரைகிறார்கள் என்று சலித்துக்கொண்டிருந்தாயே, எனக்கும் அந்தச் சலிப்பு உண்டு. பூமித்தாய், கொடியிடை என்று கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. ஷாஸியா சிக்கந்தரின் படங்களைப் பார்த்தபோதுதான் கொஞ்சம் நிதானித்தேன்.

லாகூரில் பிறந்தவர். அணில்வால் முடித் தூரிகை, தேயிலைச் சாயம் ஏற்றிய தாள் என்று பழைய முறையிலேயே அங்கே சிற்றோவியம் கற்று, 1993-இல் அமெரிக்கா போனார். அந்தக் காலத்தில் அவர் வரைந்த ஓர் உருவம் இன்றுவரை அவரை விடவில்லை. தலையில்லாத பெண், பாதம் இருக்க வேண்டிய இடத்தில் வேர்கள். அந்த வேர்கள் மண்ணைத் தொடுவதே இல்லை, தமக்குள்ளேயே பின்னிக்கொண்டு அந்தரத்தில் தொங்குகின்றன. ராகங்களை ஆணும் பெண்ணுமாக வரைந்து காட்டும் பழைய ராகமாலைப் படங்களில் மானும் மழைமேகமும் நாயகியின் மனசைச் சொல்ல அவள் பக்கத்தில் வந்து நிற்கும். நம் குறிஞ்சியும் நெய்தலும் செய்வதும் அதைத்தானே. இவளுக்கோ காலடியில் நிலமே கிடையாது, உடம்பிலேயே தூக்கிக்கொண்டு திரிகிறாள். இதை ஊர் ஏக்கம் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. ஏங்குகிற வேர் மண்ணைத் தேடாதா?

பிறகு 2023-இல், கையும் காலும் முறுக்கிய வேர்களாக 18 அடிப் பெண் சிலை ஒன்றை நியூயார்க் பூங்காவில் நிறுத்தினார். மறு ஆண்டு அது ஹூஸ்டனில் இருந்தபோது, புயலடித்த நேரம் பார்த்து யாரோ தலையை உடைத்துவிட்டார்கள். ஒட்டவைக்க வேண்டாம், அப்படியே இருக்கட்டும் என்றுவிட்டார் ஷாஸியா. பிடிவாதக்காரி!

இலங்கையில் பிறந்து டொராண்டோவில் இருக்கும் ஓவியர் ரஜ்னி பெரேராவையும் தேடிப் பார். ‘டிராவலர்’ வரிசையில் அவருடைய பெண்கள், பாழாய்ப்போன எதிர்கால பூமியில் பிழைக்கத் தோதான உடுப்போடு, ஏதோ படையெடுப்புக்குப் போவதுபோல் நிற்கிறார்கள். கொடியாகப் படர அவர்களுக்கு நேரமில்லை. உன் சுபாவத்துக்கு ஷாஸியாவைவிட இவர்தான் ஒத்துவருவார் என்று தோன்றுகிறது.

அப்புறம், தூரிகையைத் தொட்டே வெகுநாளாயிற்று என்று எழுதியிருந்தாய். மரம் பிடிக்காவிட்டால் மரமில்லாமல் வரையேன், யார் வேண்டாமென்றார்கள்? பாதியில் நின்றாலும் பரவாயில்லை, போட்டோ எடுத்து அனுப்பு.

அன்புடன்,
உன் தோழி