‘கழுவியது’ என்று ஒரு வார்த்தை எழுதுங்கள்

நாணயக் கண்காட்சி நடத்தும் சங்கங்களுக்கும், அங்கே மேசை போட்டு உட்காரும் வியாபாரிகளுக்கும்,

வணக்கம்.

இருபது வருஷத்துக்கு மேலாக உங்கள் மேசைகளைச் சுற்றிச்சுற்றி வருகிற ஆள் நான். பெரிய சேகரிப்பாளன் இல்லை. பிரிட்டிஷ் இந்திய வெள்ளி ரூபாய்கள், சென்னை மாகாணத்துக்காக அடித்த செம்புக் காசுகள், கொஞ்சம் புதுக்கோட்டை அம்மன் காசு, அவ்வளவுதான் என்னிடம் இருப்பது. சம்பளத்தில் மிச்சம் பிடித்து வாங்குகிறவன் என்பதால் ஒவ்வொரு ஏமாற்றமும் கொஞ்ச நாள் உறுத்தும். உங்களிடம் ஒரே ஒரு விஷயம் கேட்கத்தான் இந்த மடல். தேய்த்து விளக்கிய காசை விற்கும்போது, அது இருக்கும் அட்டையில் ‘கழுவியது’ என்று எழுதுங்கள்.

என் கதையிலிருந்தே தொடங்குகிறேன். சில வருஷங்களுக்கு முன்னால் ஒரு கல்யாண மண்டபத்தில் கண்காட்சி. மேசைக்கு மேசை மஞ்சள் விளக்கு. ஒரு மேசையில் விக்டோரியா ராணியின் 1862 ரூபாய் பால் வெள்ளையாக மின்னியது. “யூஎன்சி தம்பி, கையே படாத காசு” என்றார் மேசைக்காரர். கன்னம், கிரீடம், உடுப்பிலுள்ள பூவேலை எல்லாம் தெளிவாகத்தான் தெரிந்தது. 2,500 கேட்டார், பேரம் பேசி 2,200-க்கு முடித்தோம். மறுநாள் காலை ஜன்னலோரம் உட்கார்ந்து காசைச் சாய்த்துப் பிடித்தேன். ராணியின் முகத்துக்கு முன்னாலிருக்கும் வெற்றிடம் முழுக்க மயிரிழைக் கோடுகள். லேசாக வளைந்து, ஒன்றையொன்று ஒட்டி, கூட்டமாக. துணியில் பொடி தொட்டு யாரோ வட்டமாகத் தேய்த்த கையசைவு அப்படியே காசில் பதிவாகியிருந்தது. எழுத்துகளின் இடுக்கில் வெள்ளைப் பொடி அப்பியிருந்தது. பார்க்கத் திருநீறு மாதிரிதான் இருந்தது.

அவர் பொய் சொன்னார் என்று நான் சொல்லவில்லை. அவர் வாங்கும்போதே அப்படித்தான் வந்திருக்கும். நம் வீடுகளில் பளபளப்புதான் மரியாதை. குத்துவிளக்குக்குப் புளி, வெள்ளிக் கிண்ணத்துக்குத் திருநீறு, செம்புக் குடத்துக்கு எலுமிச்சைத் தோல். சிறுவயதில் நானே செய்தேன். அப்பத்தாவின் சுருக்குப் பையிலிருந்து கிழக்கிந்தியக் கம்பெனியின் 1835 கால் அணா ஒன்று கிடைத்தது. நல்ல கருப்பட்டி நிறம். அரை நெல்லிக்காய் அளவு புளியை வைத்து அழுத்தி அழுத்தித் தேய்த்தேன். உரித்த கோழி மாதிரி இளஞ்சிவப்பாக வெளியே வந்தது. சந்தோஷம் தாங்கவில்லை. அது இன்றைக்கும் என்னிடம் இருக்கிறது. வருஷக் கணக்கில் காற்றுப் பட்டும் பழைய நிறம் திரும்பவில்லை, திட்டுத் திட்டாக ஏதோ ஒரு பழுப்பு ஏறியிருக்கிறது.

புதிதாக வருகிறவர்கள் இதைப் படிக்கக்கூடும் என்பதால் ஒன்றை விளக்கிவிடுகிறேன். உங்களுக்கு இது பாலபாடம், பொறுத்துக்கொள்ளுங்கள். அச்சு இறங்கும்போது உலோகம் நடுவிலிருந்து விளிம்பை நோக்கிக் கொஞ்சம் நகர்கிறது. அந்த நகர்வு கண்ணுக்குத் தெரியாத நுண்வரிகளை விட்டுப்போகிறது. காசை விளக்கடியில் மெல்லச் சுற்றினால் அந்த வரிகளில் பட்ட ஒளி, பட்டுப்புடவையைத் திருப்பும்போது மடிப்பில் ஓடுகிற மினுமினுப்பு மாதிரி சக்கரமாகச் சுழன்று ஓடும். அதுதான் லஸ்டர். தேய்த்த காசும் மின்னும், ஆனால் எவர்சில்வர் தட்டு மின்னுவது மாதிரி எந்தப் பக்கம் திருப்பினாலும் ஒரே மினுக்கு, ஓட்டம் இருக்காது. நுண்வரிகள் போனால் போனதுதான், அவற்றைத் திரும்ப உண்டாக்க யாராலும் முடியாது. தேய்க்காமல் திரவத்தில் முக்கி எடுப்பதும் முழுக்கப் பாதுகாப்பில்லை. கறுப்புப் படலம் என்பது வெள்ளியும் கந்தகமும் சேர்ந்து உண்டானது. அதைக் கரைத்தால் கூடவே கொஞ்சம் வெள்ளியும் போகும். நாலைந்து முறை முக்கினால் காசு சுண்ணாம்பு அடித்த சுவர் போல ஆகிவிடும்.

கிரேடு, அதாவது காசின் தரம், பேசும்போது நாம் எல்லோரும் தேய்மானத்தை மட்டும் பேசுகிறோம். விஎஃப் என்றால் ஓரளவு தேய்ந்தது, எக்ஸ்எஃப் என்றால் லேசாகத் தேய்ந்தது, யூஎன்சி என்றால் தேய்மானமே இல்லாதது. அமெரிக்காவின் பெரிய செம்பு சென்ட்டுகளுக்காக 1949-ல் ஷெல்டன் போட்ட 1 முதல் 70 வரையிலான அளவுகோல் இப்போது உலகம் முழுக்க ஓடுகிறது. காசுக்குத் தரம் போட்டுத் தரும் அமெரிக்க நிறுவனங்களான, 1986-ல் தொடங்கிய பிசிஜிஎஸ், 1987-ல் வந்த என்ஜிசி இரண்டுமே அந்த எண்களைத்தான் போடுகின்றன. ஆனால் அவர்களிடம் ஒரு நல்ல பழக்கம் உண்டு. கடுமையாகத் தேய்த்துக் கழுவிய காசு வந்தால் எண் தரமாட்டார்கள். ‘டீடெயில்ஸ்’ என்று போட்டு, பக்கத்தில் காரணத்தையும் எழுதி அனுப்புவார்கள். தேய்மானம் ஒரு கணக்கு, தோலின் நிலை இன்னொரு கணக்கு. நம் மேசைகளில் முதல் கணக்கு மட்டும்தான் அட்டையில் ஏறுகிறது.

இது எங்கே அதிகம் வலிக்கிறது என்றால் 1911 ரூபாயில். ஐந்தாம் ஜார்ஜின் மேலங்கியில் தொங்கும் பதக்கச் சங்கிலியில் ஒரு சின்ன யானை உண்டு. தும்பிக்கை குட்டையாக விழுந்ததால் அது பன்றி மாதிரி தெரிந்து, முஸ்லிம்களின் மனம் புண்பட்டு, அரசு அதைத் திரும்பப் பெற்றது. 90 லட்சத்துக்கு மேல் அடித்திருந்தும் 7 லட்சம் வரைதான் வெளியே போனதாகக் கணக்கு. 1912-ல் யானையைத் திருத்தி அடித்தார்கள். ஆக, ‘பன்றி ரூபாய்’ என்று நாம் கூடுதல் விலை கொடுப்பதே ஒரு மிளகளவு யானைக்காக. அந்த யானையோ மார்பில், துணி முதலில் உரசும் மேடான இடத்தில் இருக்கிறது. விளக்கிய 1911 ரூபாய்கள் சிலவற்றை லென்ஸில் பார்த்திருக்கிறேன். பன்றியும் இல்லை, யானையும் இல்லை, பிடித்து வைத்த பிள்ளையார் மாதிரி ஒரு மேடு. அட்டையில் எழுதியிருந்தது ‘எக்ஸ்எஃப்’.

அச்சு சரியாக விழாமல் மழுங்கலாவதும் உண்டு, அதைத் தேய்மானம் என்று சொல்லி விலை குறைக்கிற வாங்குபவர்களும் உண்டு. அது எங்கள் பக்கத்துத் தப்பு. மேடான இடத்திலும் மினுமினுப்பு ஓடினால் அச்சுக் குறை. சாம்பல் நிறத்தில் செத்துக் கிடந்தால் தேய்மானம். நல்ல வெளிச்சம் இருந்தால் இந்தச் சண்டையே வராது. சங்கத்தார் இதைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். மஞ்சள் விளக்கில் எல்லாக் காசும் அழகுதான். மண்டபத்தில் ஜன்னலோரம் ஒரு மேசையும் ஒரு வெள்ளை விளக்கும் போட்டு, வாங்கும் முன் யார் வேண்டுமானாலும் அங்கே கொண்டுபோய்ப் பார்க்கலாம் என்று அறிவித்தால் பாதிப் புகார் குறைந்துவிடும்.

அப்புறம் அட்டை. பின் அடித்த அட்டைக்குள் இருக்கும் காசின் விளிம்பை எப்படிப் பார்ப்பது? நம் ஊரில் விளிம்பு முக்கியம். விக்டோரியா ரூபாய்களில் எத்தனையோ ஒரு காலத்தில் காசு மாலையாகக் கழுத்தில் தொங்கியவை. கொக்கியை எடுத்துவிட்டு, ராணி தலைக்கு மேலே பற்றவைத்த இடத்தை ராவி மறைத்திருப்பார்கள். அந்த ஓரிடத்தில் மட்டும் விளிம்பு வரிகள் அறுந்திருக்கும், அல்லது வெள்ளியின் நிறம் மாறியிருக்கும். காசு மாற்றித் தந்த பழைய சராப்புக்காரர்கள் வெள்ளியைச் சோதிக்கக் குத்திய முத்திரைக்கும் இதே கதிதான், நிரப்பி மெழுகிவிடுகிறார்கள். எனக்குச் சராப்பு முத்திரை பிடிக்கும், அது காசு கைமாறிய தடம். மறைக்காமல் காட்டினால் வாங்குவேன். அட்டையைத் திறந்து காட்டச் சொன்னால் சலித்துக்கொள்ளாதீர்கள், நாங்களும் கீழே துணி விரித்து விளிம்பில்தான் பிடிப்போம். தராசும் ஒன்று வையுங்கள். 11.66 கிராம் இருக்கவேண்டிய ரூபாய் பத்தரையில் நின்றால் மேலே பேசவே வேண்டாம்.

எந்தக் காசையும் தொடவே கூடாது என்று சொல்ல வரவில்லை. கரூர் அமராவதி ஆற்றில் மண் கட்டியாகக் கிடைக்கும் செம்பை ஊறவைத்து மண் நீக்காமல் படிக்கவே முடியாது. ராஜராஜன் காசில் நாகரி எழுத்து தெரிந்தால்தானே அது ராஜராஜன்? வெளிர்பச்சைப் பொடியாகப் பூத்து உதிர்கிற செம்பை அப்படியே விட்டால் உள்ளே அரித்துக்கொண்டே போகும். மலிவான பிளாஸ்டிக் உறையிலிருந்து ஒட்டும் பச்சைப் பிசுக்கைச் சுத்தமான அசிட்டோனில் எடுத்துவிடலாம், வெள்ளிக்கு ஒன்றும் ஆகாது. என் பிரச்சினை உலோகத்தின் மேல்தோலை உரிப்பதோடுதான். மண்ணுக்குக் கீழே இருக்கிற வழவழப்பான பச்சைத் தோலையும் சேர்த்துச் சுரண்டிவிட்டு, ‘சுத்தம் செய்தது’ என்று பெருமையாகச் சொல்கிறோமே, அதுதான்.

இன்னொரு புதுப் பழக்கமும் பார்க்கிறேன். வெளிநாட்டு ஏலங்களில் வானவில் நிறம் படிந்த வெள்ளிக்குக் கூடுதல் விலை போவதைப் பார்த்து, கழுவிய காசுக்கு இங்கே நிறம் ஏற்றுகிறார்கள். அவித்த முட்டையோடு பையில் போட்டுக் கட்டினாலே கந்தகம் நிறம் கொடுத்துவிடும். இயற்கையாகப் படியும்போது படலம் தடிக்கத் தடிக்க முதலில் வெளிர்மஞ்சள், பிறகு செந்நிறம், ஊதா, நீலம் என்று ஒரு வரிசையில் வரும், பெரும்பாலும் விளிம்பிலிருந்து உள்ளே. ஏற்றிய நிறம் எழுத்தின் மேலும் பள்ளத்திலும் பாகுபாடில்லாமல் மையைக் கொட்டியது போல ஓடும். அதற்கு அடியில் அதே மயிரிழைக் கோடுகள் தெரியும். கழுவியதை மறைக்க மருதாணி வைத்த மாதிரி.

“தம்பி, வருகிறவன் பளபளப்பைத்தான் கேட்கிறான், கறுத்த காசை யார் வாங்குவார்கள்?” என்று உங்களில் பலர் என்னிடமே கேட்டிருக்கிறீர்கள். நியாயமான கேள்வி. ‘கழுவியது’ என்று எழுதினால் வியாபாரம் படுத்துவிடும் என்ற பயமும் புரிகிறது. அதற்கு ஒரு கப்பலைக் காட்டுகிறேன். சென்னைக்காக இங்கிலாந்தில் அடித்த 1808-ஆம் வருஷத்து 10 காசு, 20 காசு செம்புகளை ஏற்றிக்கொண்டு கிளம்பிய அட்மிரல் கார்ட்னர், 1809 ஜனவரியில் இங்கிலாந்தின் கென்ட் கரையோர மணல் திட்டில் மூழ்கியது. 1980-களில் காசுகளை எடுத்தார்கள். மெழுகில் பொதிந்திருந்தவை நேற்று அடித்தது போலக் கருப்பட்டி மினுக்கோடு வந்தன. உப்புத் தண்ணீர் பட்டவை அம்மைத் தழும்பு முகத்தோடு வந்தன. ஒரே வருஷம், ஒரே அச்சு, தேய்மானம் இரண்டிலுமே இல்லை, ஏனென்றால் எதுவுமே கடைத்தெருவுக்குப் போகவில்லை. விற்கிறவர்கள் கப்பல் பெயரைச் சொல்லித்தான் விற்கிறார்கள். தழும்பு விழுந்ததும் விற்கிறது, அதற்குரிய விலையில். என்னிடம் இரண்டிலும் ஒவ்வொன்று இருக்கிறது, இரண்டையும் வாங்கியதில் எனக்கு வருத்தமே வந்ததில்லை.

கழுவிய காசையும் நான் வாங்குவேன். கிடைக்காத வருஷமாக இருந்தால் வாங்கித்தான் ஆகவேண்டும். என்ன வாங்குகிறேன் என்று தெரிந்து வாங்குகிறேன், அவ்வளவே. தெரியாமல் வாங்கிய பையன் ஒருத்தன் இரண்டு தடவை ஏமாந்தால் மூன்றாவது கண்காட்சிக்கு வருவதில்லை. அப்படிப் போனவர்கள் சிலரை உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

சங்கத்தார் ஒத்துக்கொண்டால் அடுத்த கண்காட்சியில் நுழைவாயில் பக்கம் ஒரு சின்ன மேசை போடலாம். தேயாத காசு ஒன்று, தேய்ந்தும் தொடாத காசு ஒன்று, விளக்கிய காசு ஒன்று, பக்கத்தில் ஒரு லென்ஸ், ஒரு வெள்ளை விளக்கு. மூன்றாவதற்கு என் 1862 ரூபாயைத் தருகிறேன். புது அட்டையில் போட்டு, ‘எக்ஸ்எஃப், கழுவியது’ என்று என் கையாலேயே எழுதிவைத்துவிட்டேன்.

அன்புடன்,
மதுரையிலிருந்து ஒரு சேகரிப்பாளன்