தேடியது எவ்வளவு என்பதையும் எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் ஞாயிறு இணைப்பில் வேற்றுக்கிரகவாசிகள் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். 1960-இல் இருந்து தேடுகிறார்கள், இன்னும் ஒரு ரேடியோ சிக்னல்கூடச் சிக்கவில்லை, ஆகவே பிரபஞ்சத்தில் நாம் மட்டும்தான் என்று முடித்துவிட்டார் கட்டுரையாளர். அந்த 'ஆகவே'தான் இடிக்கிறது.

1960-இல் வானியலாளர் ஃபிராங்க் டிரேக் அமெரிக்காவின் கிரீன் பேங்கில் 26 மீட்டர் ஆன்டெனாவை வைத்துக் கவனித்தது இரண்டே இரண்டு நட்சத்திரங்களை, அதுவும் 1420 மெகாஹெர்ட்ஸை ஒட்டிய அலைவரிசையில் மட்டும். அதற்கப்புறம் கருவிகள் எவ்வளவோ மேம்பட்டுவிட்டன, இல்லை என்று சொல்லவில்லை. ஆனாலும் திசை, அலைவரிசை, கேட்ட நேரம், சிக்னலின் வலு எல்லாவற்றையும் சேர்த்து 2018-இல் வானியலாளர் ஜேசன் ரைட் குழுவினர் கணக்குப் போட்டபோது, தேட வேண்டியது பூமியின் கடல் நீர் முழுக்க என்றால் இதுவரை மொண்டு பார்த்தது ஒரு சின்ன நீச்சல் குளம் அளவுதான் என்று வந்தது.

சரி, சிக்கினால் மட்டும் என்ன ஆகிவிடும்? கட்டுரை இரண்டே வரியில் தாண்டிப்போன 'வாவ்' சிக்னலையே எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவின் ஓஹியோவில் இருந்த 'பிக் இயர்' ரேடியோ தொலைநோக்கி எந்த நட்சத்திரத்தையும் பின்தொடர்ந்து திரும்பாது. பூமி சுழலச் சுழல வானம்தான் அதன் முன்னால் நகர்ந்துபோகும், ஓர் இடம் அதன் பார்வையில் இருப்பது 72 விநாடி. 1977 ஆகஸ்ட் 15 அன்று பதிவான சிக்னலும் 72 விநாடிதான், மெல்ல ஏறி, உச்சம் தொட்டு, இறங்கியது, அதாவது வானத்தில் ஒரே இடத்தில் நிற்கும் ஒன்றிலிருந்து வந்தால் எப்படி இருக்குமோ அச்சு அசலாக அப்படி. ஆனால் அந்தத் தொலைநோக்கியில் அலைகளை வாங்கும் கொம்புகள் இரண்டு. ஒன்றில் பட்டது சுமார் மூன்று நிமிட இடைவெளியில் இன்னொன்றிலும் பட்டிருக்க வேண்டும், படவில்லை. அதன் பதிவுகளை அலசிவந்த வானியலாளர் ஜெர்ரி எமன் அச்சிட்ட தாளைப் பார்த்து, சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டு, ஓரத்தில் 'வாவ்!' என்று எழுதியதே சில நாள் கழித்துத்தான். பிறகு பலர் பலமுறை அதே இடத்தில் தேடியும் அது திரும்ப வரவில்லை. திரும்ப வராததை எதை வைத்துச் சரிபார்ப்பது? கடிகாரம் போலத் திரும்பத் திரும்ப ஒலித்தால்தான் நம்புவோம் என்பது நாம் வைத்திருக்கும் விதி, அனுப்புகிறவர்களுக்கு அது தெரிய வேண்டும் என்று கட்டாயமா என்ன! (அந்தத் தொலைநோக்கியை 1998-இல் இடித்துவிட்டார்கள், கோல்ஃப் மைதானத்தை விரிவாக்க.)

இன்னொரு பக்கம், நம் சத்தமே நம்மை ஏமாற்றுகிறது. 2019-இல் ஆஸ்திரேலியாவின் பார்க்ஸ் ரேடியோ தொலைநோக்கி, சூரியனுக்கு மிக அருகில் உள்ள நட்சத்திரமான பிராக்சிமா சென்டாரியைப் பார்த்துக்கொண்டிருந்தபோது 982 மெகாஹெர்ட்ஸில் ஒரு சிக்னல் பதிவானது. அது மனிதர்களின் மின்னணுக் கருவிகளிலிருந்து வந்த இடையூறுதான் என்று அலசி முடிக்க 2021 ஆகிவிட்டது. அதே பார்க்ஸில் பல வருடம் ஆராய்ச்சியாளர்களைக் குழப்பிய வேறொரு வகைத் துடிப்புக்கு மூலம், ஓடிக்கொண்டிருந்த மைக்ரோவேவ் அடுப்பின் கதவை யாரோ அவசரப்பட்டுத் திறந்தது!

இதனால் தேடல் வீண் என்று நான் சொல்லவில்லை. வேற்றுக்கிரகவாசிகள் இருக்கிறார்கள் என்றும் சொல்லவில்லை, எனக்கு எப்படித் தெரியும்? 'கிடைக்கவில்லை' என்று போடும்போது எத்தனை நட்சத்திரம், எந்த அலைவரிசை, எவ்வளவு நேரம், எவ்வளவு வலுவான சிக்னலாக இருந்தால் அகப்பட்டிருக்கும் என்பதையும் சேர்த்துப் போடுங்கள் என்றுதான் கேட்கிறேன். பெட்டிச் செய்தியாக இருந்தாலும் போதும். பெரிய கண்ணோடு ஒரு பச்சை உருவத்தை அரைப் பக்கத்துக்கு அச்சிட்டிருந்தீர்களே, அதில் கால்வாசி இடம் இதற்குத் தாராளம்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகன்