பாக்கெட் கெட்டுப்போய் வந்தா லாக்ல எழுதணுமா, எண்ணி வெச்சா போதுமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வாரம் உங்க தொழில்நுட்பப் பக்கத்துல நெட்வொர்க் புரோகிராம் எழுதுறது பத்தி வந்த கட்டுரைய படிச்சேன், தமிழ்ல இந்த மாதிரி விஷயம் வர்றதே அபூர்வம், அதுக்கு முதல்ல ஒரு நன்றி. ஆனா அதுல ஒரு வரி ரெண்டு நாளா உறுத்திக்கிட்டே இருக்கு. "எங்கெல்லாம் பிழை வர வாய்ப்பு இருக்கோ அங்கெல்லாம் மறக்காம ஒரு லாக் மெசேஜ் போட்டுடுங்க"ன்னு எழுதியிருந்தாங்க (லாக்னா நடந்தத புரோகிராம் எழுதி வைக்கிற குறிப்பு), கூட குடுத்திருந்த சாம்பிள் கோடுலயும் பாக்கெட் (நெட்வொர்க்ல போற டேட்டா துண்டு) வாங்குற லூப்புக்குள்ளயே நீளம் சரியில்லைன்னா ஒரு எரர் லாக், செக்சம் (டேட்டா கெடாம வந்துச்சான்னு சரிபாக்குற எண்) தப்புன்னா ஒரு எரர் லாக், வெர்ஷன் தெரியலைன்னா இன்னொண்ணுன்னு வரிசையா அடுக்கியிருந்தாங்க. மத்த புரோகிராமுக்கு இந்த அட்வைஸ் சரிதான், நானும் அப்படித்தான் எழுதுவேன். பாக்கெட்ட கையாளுற கோடுக்கு இது வம்பு. இத தைரியமா சொல்றேன், ஏன்னா அதே தப்ப நானே பண்ணி நல்லா வாங்கிக் கட்டிக்கிட்டவன்.

சில வருஷம் முன்னாடி ஒரு சின்ன நெட்வொர்க் பெட்டிக்கு லினக்ஸ் கெர்னல் (ஆபரேட்டிங் சிஸ்டத்தோட மையப் பகுதி) பக்கம் டிரைவர் (ஹார்டுவேர இயக்குற) கோடு எழுதிக்கிட்டிருந்தேன். லேப்ல சூப்பரா ஓடுச்சு, கொண்டுபோய் நிஜ நெட்வொர்க்ல வெச்சா அரை நாள்ல செத்த மாதிரி ஆயிடுச்சு, பிங் கூட போகல, ரீபூட் பண்ணினா மறுபடி அதே கதை. தோண்டித் துருவிப் பாத்தா அங்க யாரோ என்னைக்கோ மாட்டிவெச்ச ஒரு பழைய கருவி, தன் வேலைய எல்லாம் ஒழுங்கா செஞ்சுக்கிட்டே, ஹெடர்ல (பாக்கெட்டோட தலைப்புப் பகுதியில) நீளத்த மட்டும் தப்பா போட்டு பாக்கெட்ட அனுப்பிக்கிட்டே இருந்திருக்கு. அந்த பாக்கெட்டால ஒரு கெடுதலும் இல்ல, தூக்கி எறிஞ்சா முடிஞ்சது, என் கோடும் எறியத்தான் செஞ்சது. எறியுறதுக்கு முன்னாடி "நீளம் தப்பு"ன்னு நான் பொறுப்பா போட்டிருந்த ஒரே ஒரு லாக் வரிதான் பெட்டியோட உயிர எடுத்துச்சு.

எப்படின்னு கொஞ்சம் கணக்கு போட்டுப் பாருங்க. பெட்டியில கெர்னல் மெசேஜ் எல்லாம் சீரியல் கன்சோலுக்கு (எழுத்து ஒவ்வொண்ணா வெளிய போற ஒரு மெதுவான இணைப்பு) போகும், அதோட வேகம் 1,15,200 பாட் (செகண்டுக்கு அத்தனை பிட்). ஒரு எழுத்துக்கு ஸ்டார்ட் பிட், ஸ்டாப் பிட் எல்லாம் சேர்த்து 10 பிட், ஆக ஒரு செகண்டுக்கு 11,520 எழுத்துதான் வெளிய போகும். 80 எழுத்து உள்ள ஒரு வரின்னா கிட்டத்தட்ட 7 மில்லிசெகண்ட், அது வரைக்கும் அந்த சிபியு எழுத்து எழுத்தா தள்ளிக்கிட்டு நிக்குது. 7 மில்லிசெகண்ட்தானேன்னு தோணும். ஒரு 1 ஜிகாபிட் லைன்ல 64 பைட் பாக்கெட் முழு வேகத்துல வந்தா செகண்டுக்கு 14.88 லட்சம், அந்த 7 மில்லிசெகண்டுக்குள்ள பத்தாயிரம் பாக்கெட்டுக்கு மேல வந்து கதவ தட்டும். 10 ஜிகாபிட்னா ஒரு பாக்கெட்டுக்கு கிடைக்கிற நேரமே 67 நானோசெகண்ட், அங்க இந்த மாதிரி ஒரு வரி வெச்சா என்ன ஆகும்னு நீங்களே பாத்துக்கோங்க. என் பெட்டிக்கு வந்தது முழு வேகம் கூட இல்ல, செகண்டுக்கு சில நூறு கெட்ட பாக்கெட்தான். அதுக்கே தாங்கல.

ஒரு பைல் ஓபன் ஆகலைன்னு லாக் பண்றோம்னா அந்த வரி எத்தனை தடவ ஓடும்ங்கறது நம்ம புரோகிராம் கையில இருக்கு. பாக்கெட் விஷயத்துல அப்படி இல்ல, கேபிளுக்கு அந்தப் பக்கம் இருக்கறவன் எத்தனை தடவ அனுப்புறானோ அத்தனை தடவ நம்ம வரி ஓடும், அவன் நல்லவனா கெட்டவனா, இல்ல வெறும் பழுதான கருவியான்னு நமக்கு தெரியாது. அதனால இப்பல்லாம் லாக் வரி எழுத கை வெச்சா முதல்ல கேட்டுக்கறது இதுதான், இந்த வரி எத்தனை தடவ ஓடணும்னு முடிவு பண்றது நானா அவனா? அவன்தான்னா அது லாக் இல்ல, கவுன்ட்டர். ஒரு எண்ண ஒண்ணு கூட்டிட்டு பாக்கெட்ட தூக்கிப் போட்டுட்டு அடுத்தத பாக்க வேண்டியதுதான். செக்சம் தப்பு, ஹெடர் அரைகுறை, டிடிஎல் (பாக்கெட் இன்னும் எத்தனை ரவுட்டர் தாண்டலாம்ங்கற எண்) தீந்துபோச்சு, தெரியாத புரோட்டோகால் எல்லாமே இந்த ரகம்.

இது ஏதோ நான் கண்டுபிடிச்ச ஞானம் இல்லீங்க. இன்டர்நெட்ல இருக்கற கம்ப்யூட்டர் எப்படி நடந்துக்கணும்னு 1989 அக்டோபர்ல வந்த ஆர்எஃப்சி 1122ங்கற இன்டர்நெட் விதிமுறை ஆவணத்துலயே எரர் லாகிங்னு தனியா ஒரு சின்ன பகுதி இருக்கு. விசித்திரமா தெரிஞ்சாலும் கெடுதல் இல்லாத சமாச்சாரமெல்லாம் லாக் பைல ரொப்பிடும்னு அதுல அப்பவே எச்சரிச்சிருக்காங்க, அதுக்கு அவங்க சொன்ன வழி, கோளாறு எல்லாத்தையும் எப்பவும் எண்ணி வைங்க, லாக் பண்றத வேணும்போது மட்டும் ஆன் பண்ற மாதிரி வைங்க, குறிப்பிட்ட ஒரு ஹோஸ்டுக்கு (கம்ப்யூட்டருக்கு) மட்டும் எல்லாத்தையும் லாக் பண்ற வசதி கூட இருந்தா நல்லதுன்னு. முப்பது வருஷத்துக்கு மேல ஆச்சு, இன்னும் புதுசா எழுதுற பசங்க லூப்புக்குள்ள பிரின்ட் போட்டுக்கிட்டுத்தான் இருக்காங்க, நானும் போட்டேன்.

லினக்ஸ்ல நெட்ஸ்டாட், ஈத்டூல் மாதிரி கமாண்டுல கொட்டுற எண்ணெல்லாம் இந்த கவுன்ட்டர்தான், ஐபி ஹெடர் தப்பு எத்தனை, யூடிபி (டேட்டா அனுப்புற ஒரு எளிய முறை) ரிசீவ் பஃபர் (வந்தத தற்காலிகமா வைக்கிற இடம்) நிரம்பி போனது எத்தனைன்னு தனித்தனியா இருக்கும். ஒரு நிமிஷம் விட்டு ரெண்டு தடவ பாத்தா எது ஏறுதுன்னு தெரிஞ்சுடும், பத்து லட்சம் வரி லாக்ல இது கிடைக்காது. ஒரே ஒரு விஷயம், எல்லா தப்புக்கும் சேர்த்து "டிராப்"னு ஒரே கவுன்ட்டர் வைக்காதீங்க, எதுக்கு எறிஞ்சோம்னு காரணத்துக்கு ஒண்ணா பிரிச்சு வைங்க. 2022ல வந்த லினக்ஸ் 5.17லேந்து கெர்னல்லயே பாக்கெட்ட எறியும்போது காரணத்தையும் சேர்த்து சொல்ற வசதி வர ஆரம்பிச்சிருக்கு, தேவைப்பட்டா டிரேஸ் போட்டு (கெர்னலுக்குள்ள நடக்கறத பின்தொடர்ந்து) பாத்துக்கலாம், மத்த நேரம் செலவு கிடையாது.

அப்போ லாகே வேணாமான்னு கேட்டா, இல்ல, அந்தக் கிணத்துலயும் நான் விழுந்திருக்கேன். முதல் அடி வாங்கின கோவத்துல ரிசீவ் பக்கம் இருந்த லாக் வரி எல்லாத்தையும் துடைச்சு எறிஞ்சேன். கொஞ்ச நாள் கழிச்சு அதே பெட்டி அப்பப்போ பாக்கெட்ட முழுங்குது, ஏன்னு யாருக்கும் தெரியல, மூணு நாள் ராத்திரி பகலா உக்காந்து பாத்தா டிரைவருக்கு பஃபர் கிடைக்கல, மெமரி தீந்துபோகுது. அத சொல்ற வரியையும் சேர்த்துத்தான் நான் துடைச்சிருந்தேன், கவுன்ட்டரும் வைக்கல. ரெண்டு வரிக்கும் உள்ள வித்தியாசம் அப்பதான் உறைச்சுது. நீளம் தப்பா வந்தது அனுப்பினவன் குத்தம், அதுக்கு நம்ம பெட்டிய பாத்துக்கறவரால ஒண்ணும் பண்ண முடியாது. பஃபர் கிடைக்காதது நம்ம வீட்டுப் பிரச்சினை, அத படிக்கிறவர் எழுந்து போய் ஏதாவது பண்ண முடியும்.

லினக்ஸ் கெர்னல் தானா எழுதுற நெட்வொர்க் மெசேஜ்கள பாத்தாலும் முக்கியமானதெல்லாம் இந்த ரகம்தான். கனெக்ஷன் டிராக்கிங் டேபிள் (நடக்குற கனெக்ஷன்களோட பட்டியல்) நிரம்பிடுச்சு பாக்கெட்ட எறியுறேன்னு ஒண்ணு வரும், பாத்தவுடனே டேபிள் அளவ கூட்டலாமா இல்ல எவன் இத்தனை கனெக்ஷன் போடுறான்னு தேடலாமான்னு யோசிக்கலாம். நெய்பர் டேபிள் (பக்கத்து மிஷின்களோட முகவரிப் பட்டியல்) வழியுதுன்னு ஒண்ணு, அதோட மேல் வரம்பு சும்மா விட்டா 1024, பெரிய நெட்வொர்க்ல இது தாராளமா தாண்டும். டிரான்ஸ்மிட் க்யூ (அனுப்ப காத்திருக்கற வரிசை) டைம்அவுட்னு ஒண்ணு வந்தா கார்டோ டிரைவரோ மாட்டிக்கிச்சுன்னு அர்த்தம், அத லாக் பண்ணலைன்னாதான் தப்பு.

ஆனா டேபிள் நிரம்புறதும் வெளிய இருக்கறவன் கையிலதான இருக்குன்னு கேப்பீங்க, நியாயமான கேள்வி. அதுக்குத்தான் ரேட்லிமிட், அதாவது இத்தனை நேரத்துக்கு இத்தனை மெசேஜ்தான்னு ஒரு வரம்பு. கெர்னல்ல நெட் ரேட்லிமிட்னு ஒண்ணு இருக்கு, சும்மா விட்டா 5 செகண்டுக்கு 10 மெசேஜ் வரைக்கும் விடும், மிச்சத்த அமுக்கிட்டு பின்னாடி இத்தனை அமுக்கப்பட்டதுன்னு ஒரு எண்ண சொல்லும். அப்போ எல்லாத்துக்கும் ரேட்லிமிட் போட்டுட்டா ஆச்சேன்னு நானும் ஒரு காலத்துல நினைச்சேன். அதுல ஒரு கோளாறு இருக்கு, அந்த 10ங்கற கோட்டா நெட்வொர்க் கோடு மொத்தத்துக்கும் பொது. எவனோ அனுப்புற குப்பை பாக்கெட்டுக்கு நீங்க ஒரு வரி எழுதினா அது கோட்டா முழுசையும் தின்னுட்டு உக்காந்துரும், நிஜமா தெரிய வேண்டிய "டேபிள் நிரம்பிடுச்சு" அமுக்கப்பட்டதோட எண்ணிக்கையில ஒண்ணா காணாம போயிடும். அதனால ரேட்லிமிட் இருக்குங்கற தைரியத்துல கண்டதையும் எழுதுறது அடுத்தவன் வாய பொத்துற வேலை.

இதவிட எனக்கு பிடிச்சது, நிலைமை மாறும்போது மட்டும் ஒரு தடவ சொல்றது. டிசிபியில எஸ்ஒய்என் வெள்ளம் (புது கனெக்ஷன் கேக்குற பாக்கெட் வந்து குவியுறது) வந்தா லினக்ஸ் என்ன பண்ணுதுன்னு பாருங்க, இந்த போர்ட்ல வெள்ளம் வர்ற மாதிரி இருக்கு, குக்கி (பிரவுசர் குக்கி இல்ல, கேட்டவன் நிஜமான்னு சோதிக்கற எண்) அனுப்புறேன்னு அந்த சாக்கெட்டுக்கு (புரோகிராம் நெட்வொர்க்கோட பேசுற வாசலுக்கு) ஒரே ஒரு தடவ எழுதிட்டு மிச்சத்த கவுன்ட்டர்ல கூட்டிக்கிட்டு போயிடும். லட்சம் பாக்கெட் வந்தாலும் ஒரே வரி. நம்ம கோடுலயும் க்யூ நிரம்பினப்ப ஒரு வரி, திரும்ப காலியானப்ப இத்தனை போச்சுன்னு ஒரு வரின்னு எழுதலாம்.

கெர்னல் வேணாம், சாதாரண சர்வர் எழுதுறவங்களுக்கும் இது பொருந்தும். எதிர்முனை கனெக்ஷன ரீசெட் பண்ணிடுச்சுங்கறது எரரே இல்ல, யாரோ பிரவுசர் டேப மூடியிருப்பாங்க அவ்வளவுதான். நான்பிளாக்கிங் (காத்திருக்காம உடனே திரும்புற) சாக்கெட்ல இப்ப டேட்டா இல்ல அப்புறம் வான்னு வர்றதும் எரர் இல்ல. கனெக்ட் பண்ணின யூடிபி சாக்கெட்ல அனுப்பினப்புறம் கனெக்ஷன் மறுக்கப்பட்டதுன்னு வந்தா அந்தப் பக்கம் போர்ட்ல யாரும் இல்லைன்னு அர்த்தம், அதுக்கு பயந்து சாக்கெட்டயே மூடுற கோடு கூட பாத்திருக்கேன். இத்தனையும் சிவப்பு எழுத்துல எரர் எரர்னு வந்தா ஒரு வாரத்துல அந்த லாக யாரும் திறந்து பாக்க மாட்டாங்க. சிஸ்லாக்ல (லாக் எழுதுறதுக்கான பொது முறை) 0லேந்து 7 வரைக்கும் எட்டு லெவல் வெச்சிருக்காங்க, நம்மாளுங்க 3ங்கற எரர் ஒண்ணத்தான் பயன்படுத்துறாங்க.

லாக நெட்வொர்க் வழியா வேற மிஷினுக்கு அனுப்புறவங்க இன்னும் ஜாக்கிரதையா இருக்கணும். பாக்கெட் அனுப்ப முடியலைன்னு ஒரு வரி எழுதுறோம், அந்த வரியே ஒரு பாக்கெட்டா போகணும், அதுவும் போகாது, அதுக்கு இன்னொரு வரி. ஐசிஎம்பி (நெட்வொர்க் கோளாற தெரிவிக்கற செய்தி முறை) எரர் வந்தா அதுக்கு பதில் சொல்ல இன்னொரு ஐசிஎம்பி எரர் அனுப்பக்கூடாதுன்னு அதே 1122ல இருக்கறதுக்கும் இதுதான் காரணம்.

லாக்ல என்ன எழுதுறோம்ங்கறதும் கவனிக்கணும். பாக்கெட்ல வந்தத அப்படியே லாக்ல கொட்டாதீங்க, அதுல புதுவரி எழுத்த வெச்சு பொய்யா ஒரு லாக் வரிய நுழைக்க முடியும். 2021 டிசம்பர்ல லாக்4ஷெல்னு (லாக்4ஜேங்கற லாக் லைப்ரரியில இருந்த ஓட்டை) உலகமே அலறுச்சே, வெளியாள் அனுப்பின ஒரு ஸ்ட்ரிங்க லாக் பண்ணினதே வினையா போச்சு. ஹெக்ஸ்ல (பதினாறடிமான எண்ணா) முதல் சில பைட் போதும். அதே மாதிரி என் பழைய கோடுல "ரிசீவ் ஃபெயில்"னு மட்டும் இருக்கும், இப்ப எழுதுறது "ஈத்0, ரிசீவ் க்யூ 2, பஃபர் கிடைக்கல, 512ல 512ம் தீந்துபோச்சு, கடைசியா சொன்னதுக்கு அப்புறம் 340 பாக்கெட் போச்சு" இந்த மாதிரி. ரெண்டாவது வரிய பாத்தா ராத்திரி எழுப்பப்பட்டவருக்கு எங்க கை வைக்கணும்னு தெரியும்.

செக்யூரிட்டி ஆளுங்க கெட்ட பாக்கெட் ஒவ்வொண்ணும் வேணும்பாங்க. வேணும்னா டிசிபிடம்ப் போட்டு பிடிச்சு வெச்சுக்கட்டும், அதுக்குன்னே இருக்கற கருவி, புரோகிராமோட லாக்ல எதுக்கு. (டிசிபிடம்ப்ல நம்ம மிஷின்லேந்து வெளிய போற பாக்கெட்டுக்கு செக்சம் தப்புன்னு காட்டினா பதறாதீங்க, செக்சம் போடுற வேலைய கார்டுக்கு விட்டிருந்தா அது வெளிய போகும்போதுதான் நிரப்பும், இத பக்னு சொல்லி எனக்கு வந்த மெயிலுக்கு அளவே இல்ல.)

கட்டுரைய எழுதினவர் மேல எனக்கு எந்த வருத்தமும் இல்ல, நல்லா எளிமையா எழுதியிருக்கார். ஆனா பத்திரிகையில வந்த கோடுன்னு படிக்கிற பசங்க அப்படியே காப்பி பண்ணுவாங்க. அடுத்த பகுதி வரும்போது லூப்புக்குள்ள இருக்கற அந்த மூணு லாக் வரிய எடுத்துட்டு மூணு கவுன்ட்டரா மாத்திப் போடச் சொல்லுங்க, லூப்புக்கு வெளிய நிமிஷத்துக்கு ஒரு தடவ, எண் மாறியிருந்தா மட்டும் ஒரு வரி அச்சடிச்சா போதும். கோடு இப்ப இருக்கறத விட நாலஞ்சு வரி கூடும், உங்க பக்கத்துல அதுக்கு இடம் இருக்கும்னு நம்புறேன்.

இப்படிக்கு,
நெட்வொர்க் கோடு எழுதி காலம் தள்ளுற ஒரு வாசகர்