கோவளம் வியாபாரிகள் சங்கச் செயலாளர் ஆண்டறிக்கை, 2018–19

தலைவர் அவர்களுக்கும் வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். வராதவர்களுக்கு அறிக்கை நகல் கடைக்கே வரும். கையெழுத்தாவது போட்டு வாங்கிக்கொள்ளவும்.

ஆண்டில் ஆறு கூட்டங்கள். இரண்டு, போதிய உறுப்பினர் வராததால் (கோரம் இல்லாமல்) கலைந்தன. கஜா புயல் நிவாரணத்துக்கு அரிசி மூட்டைகள் அனுப்பினோம். ஜனவரி 1 முதல் வந்த பிளாஸ்டிக் தடை பற்றி விளக்கக் கூட்டம் நடந்தது. ஆயுத பூஜை வழக்கம்போல்.

இனி ராணுவக் கண்காட்சி. 2018 ஏப்ரல் 11 முதல் 14 வரை பக்கத்துத் திருவிடந்தையில் நடந்த டெஃப்எக்ஸ்போவுக்கு 500-க்கு மேல் இந்திய நிறுவனங்களும் 150-க்கு மேல் வெளிநாட்டு நிறுவனங்களும் வந்தன. பீரங்கி வாங்க வருகிறவர் நம் கோவளம் கடையில் டீ குடிக்க மாட்டார் என்று மார்ச் கூட்டத்திலேயே சொன்னேன், சிரித்தீர்கள். கோட்டு போட்டவர்கள் சென்னைக்கும் மாமல்லபுரம் ரிசார்ட்டுகளுக்கும் போனார்கள். நமக்குப் படியளந்தவர்கள் கொட்டகை போட வந்த தச்சர்களும் வேன் டிரைவர்களும் பந்தோபஸ்து போலீஸாரும்தான். அவர்களுக்காகத்தான் விடிகாலை நாலு மணிக்கே டிபன் கடைகளைத் திறக்கச் சொன்னேன். 12-ஆம் தேதி பிரதமர் வருகை, காவிரிக்காகக் கறுப்புக் கொடி, சாலையெங்கும் கெடுபிடி, வியாபாரம் படுத்தது. 14-ஆம் தேதி சித்திரை முதல் நாள், பொதுமக்களை உள்ளே விட்டார்கள். டாங்கி பார்க்கக் குடும்பம் குடும்பமாக வந்த கூட்டத்தில், மூன்று மணிக்கெல்லாம் இளநீரும் இல்லை, தொப்பியும் இல்லை.

என் மோர்ப்பந்தலைப் பற்றி ஒரு வார்த்தை. “மோரைச் சும்மா கொடுத்தா ஜூஸ் எவன் வாங்குவான்?” என்று கேட்ட உறுப்பினரின் கடையில்தான் அன்று இரண்டு முறை ஐஸ் தீர்ந்தது. பந்தல் நிழலில் நின்றவர்கள்தான் அவர் கடைக்குத் திரும்பினார்கள்.

பந்தல், விலைப்பலகை, தற்காலிகக் கழிப்பறைச் செலவுக்குக் கடைக்கு 500 ரூபாய் சிறப்புச் சந்தா என்று எல்லோரும் கை தூக்கினோம். தூக்கிய கைகளில் பாதி இன்னும் பைக்குள் போகவில்லை. கேட்டால், “ஜி.எஸ்.டி. கட்டவே சரியா இருக்கு செயலாளரே.” அறை வாடகையை மூன்று மடங்காக்கிய ஒருவர், அந்த நாலு நாளும் ஒன்றும் ஓடவில்லை என்கிறார்.

கணக்கு பொருளாளரிடம் இருக்கிறது. சுருக்கமாக, வரவைவிடச் செலவு சற்றுக் கூடுதல். துண்டு விழுந்ததை ஒருவர் கைக்காசில் போட்டிருக்கிறார். பெயர் வேண்டாம்.

ஒத்துழைத்த காவல்துறை, ஊராட்சி, ஆட்டோ நிலையத்தார், நிர்வாகக் குழுவினர் அனைவருக்கும் நன்றி.

கண்காட்சி 2016-ல் கோவா, 2018-ல் நம் பக்கம். 2020-லும் இங்கேதான் என்று யாரும் எழுதித் தரவில்லை. நம் பிழைப்பு கடற்கரைக்கு வருகிற ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தை நம்பித்தான். அவர்களுக்கும் கழிப்பறை வேண்டும். இளைஞர் யாரும் முன்வந்தால் அலமாரிச் சாவியை இன்றே கொடுக்கத் தயார். ரசீதுப் புத்தகம் வாசல் மேஜையில் இருக்கிறது; காபி அதற்கு அப்பால்.