ஃபான்கோனி குழந்தைகளுக்கு இங்கேயும் ஆய்வு வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஃபான்கோனி ரத்தசோகை உள்ள ஒரு பையனின் பெரியம்மா நான். பெரும்பாலும் தாய், தகப்பன் இருவரிடமிருந்தும் வரும் மரபணுக் குறை இது, எலும்பு மஜ்ஜை கொஞ்சம் கொஞ்சமாக ரத்தம் உருவாக்குவதையே நிறுத்திவிடும். மஜ்ஜை மாற்று சிகிச்சை இருக்கிறது, ஆனால் இந்தக் குழந்தைகளின் செல்களால் டிஎன்ஏ சேதத்தைச் சரிசெய்துகொள்ள முடியாது என்பதால், மாற்றுவதற்கு முன் பழைய மஜ்ஜையை அழிக்க மற்றவர்களுக்குத் தரும் அளவில் கீமோ மருந்து கொடுத்தால் உயிருக்கே ஆபத்து. அளவைக் குறைத்துத் தருகிறார்கள், சரி, பொருந்தும் மஜ்ஜை கிடைக்க வேண்டுமே!

ஸ்பெயினில் இந்தக் குழந்தைகளின் சொந்த ஸ்டெம் செல்களை (ரத்தத்தை உருவாக்கும் மூலச் செல்களை) எடுத்து, சரியான மரபணுவைச் சேர்த்து, கீமோ இல்லாமலே திரும்பச் செலுத்தினார்கள். 4 பேரிடம் அவை நிலைத்துப் பெருகின என்று 2019இல் முடிவு வெளியானது. சொந்தத்தில் கல்யாணம் செய்தால் தாய், தகப்பன் இருவரிடமும் ஒரே குறை இருக்க வாய்ப்பு அதிகம், அதனால் அந்த வழக்கம் உள்ள நம் ஊரிலும் இப்படி ஆய்வு நடக்க வேண்டும்.

‘பிள்ளையை வைத்துச் சோதிக்கிறார்களா’ என்று வீட்டில் பயப்படுகிறார்கள், அந்தப் பயம் நியாயம்தான். அதனால் ஆய்வு நடத்துகிறவர்களே, ஒப்புதல் படிவத்தை நல்ல தமிழில் கொடுங்கள், பாதிப்பு வந்தால் இழப்பீடு உண்டு என்பதையும் முதலிலேயே சொல்லுங்கள், அப்புறம் கையெழுத்து கேளுங்கள்.

– ஒரு வாசகி, திருச்சி