சனிக்கிழமையே சேர்த்து விடாதே

அன்புள்ள கண்ணம்மாவுக்கு,

படம் வந்தது. உன் புதுக் குதிரை செவலை நல்ல லட்சணமாக இருக்கிறான், கண்ணில் பயமில்லை. ஆனால் படத்துக்குக் கீழே நீ எழுதியிருந்த வரிதான் என் தூக்கத்தைக் கெடுத்தது: "சனிக்கிழமை வந்துவிடுவான், அன்று சாயந்திரமே முத்துவோடு விட்டுவிடுவேன்." வேண்டாம்மா. போனில் சொன்னால் "சரிப்பா, சரிப்பா" என்று பாதியில் வைத்துவிடுவாய் என்பதால் எழுதுகிறேன்.

ஜோடிக் குதிரை போன பிறகு உன் பெட்டைக் குதிரை முத்து தனியாக நிற்பது பாவம்தான். குதிரை கூட்டமாக வாழப் பிறந்த விலங்கு. ஆனால் உனக்குத் துணையாகத் தெரிகிறவன் அவள் கண்ணுக்கு அந்நியன். புல்லிலும் தண்ணீரிலும் பங்கு கேட்டு வந்தவன். தம்பியை வீட்டுக்குக் கொண்டுவந்த அன்று நீ தொட்டிலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தாய். உனக்கு உதைக்கத் தெரியாது, அவ்வளவுதான் வித்தியாசம்.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். நீ பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலம். புதுக் குதிரையை வண்டியிலிருந்து இறக்கி, நேரே பட்டிக்குள் விட்டேன். பழையது அதைத் துரத்தி மூலையில் அடைத்தது. ஓட வழியில்லாமல் புதியது திரும்பி நின்று உதைத்தது. பின்னங்காலில் இரும்பு லாடம். பழையதன் காலில் எலும்பு தெரிகிற அளவுக்குக் கிழிந்து, இரண்டு மாதம் கட்டுப் போட்டேன். பார்த்தவர்களெல்லாம் உதைத்ததைத் திட்டினார்கள். லாடத்தைக் கழற்றாதவன் நான், மூலையை அடைக்காதவனும் நான்.

முதல் மூன்று வாரம் செவலை தனியாக இருக்கட்டும். முத்துவைப் பார்க்கலாம், மூக்கோடு மூக்கு வைக்கக் கூடாது. அவனுக்கென்று தனி வாளி, தனி மண்வாரி. தினமும் முதலில் முத்துவின் வேலையை முடி, அப்புறம் அவனிடம் போ, கையைக் கழுவு. காலையும் மாலையும் காய்ச்சல் பார்த்து எழுதி வை. 37.5-லிருந்து 38.5 டிகிரி செல்சியஸ் வரை சாதாரணம். ஏன் இவ்வளவு கெடுபிடி என்பாய். ஸ்ட்ராங்கிள்ஸ் என்று ஒரு தொற்று இருக்கிறது. மூக்கில் சீழ் வடிந்து, தாடைக்கடியில் கட்டி கட்டும். பெரும்பாலும் சீழுக்கு முன்னால் காய்ச்சல் வந்துவிடும், அதனால் தெர்மாமீட்டர் உன் கண்ணைவிட முந்திக்கொள்ளும். பார்க்க நன்றாக இருக்கிற குதிரைகூடக் கிருமியைத் தொண்டைக்கு மேலே உள்ள பைகளில் சுமந்து திரியும் என்பதால், மூன்று வாரம் முடிவதற்குள் என்ன பரிசோதனை தேவை என்று கால்நடை மருத்துவரைக் கேள். லத்தியையும் கொடுத்துப் புழு முட்டை எண்ணச் சொல்.

தீனியை ஒரே நாளில் மாற்றாதே. அவன் பழைய இடத்தில் தின்றதையே கொஞ்சம் வாங்கி வந்து, ஒரு வாரம் பத்து நாளில் மெல்ல மாற்று. கொட்டிலிலேயே நின்றவன் என்றால் செழித்த புல்லில் முழு நாளும் விடாதே, குளம்புக்குள்ளே வீக்கம் கண்டு படுத்துவிடுவான்.

அப்புறம் வேலி. அடுத்தடுத்த பட்டியில் இருவரும். முள்கம்பி இருந்தால் முதலில் அதை எடு. வேலிக்கு மேலே முன்னங்காலை வீசுவார்கள். இடைவெளி விட்டு இரட்டை வேலி போட முடிந்தால் ரொம்ப நல்லது. முத்து வீல் என்று கத்துவாள், பெட்டைகளுக்கு அது வழக்கம், பயப்படாதே. சில நாள் கழித்து இடத்தை மாற்று: அவனை அவள் பட்டியில் தனியாக விடு, அவளை அவன் இடத்தில். ஒருவர் லத்தியை ஒருவர் மோந்து பார்ப்பதில் பாதி அறிமுகம் முடிந்துவிடும். அதைவிட முக்கியம், துரத்தப்படும்போது வேலி எங்கே, தண்ணீர் எங்கே என்று அவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரியாதவன் ஓடிப்போய் வேலியிலேயே மோதிவிடுவான்.

வேலிக்கு இருபுறமும் பக்கத்தில் பக்கத்தில் நின்று சாவகாசமாக மேய ஆரம்பித்தால் நேரம் வந்துவிட்டது என்று அர்த்தம். காலண்டரைப் பார்க்காதே, அவர்களைப் பார்.

அன்றைக்கு வேறு வேலை வைத்துக்கொள்ளாதே. காலையில் ஆரம்பி, தரை வழுக்கக் கூடாது, இருவரும் வயிறு நிறைந்திருக்க வேண்டும். இரண்டு பேர் போங்கள், தலைக்கவசத்தோடு. உள்ளே தீனி வாளி வேண்டாம். காய்ந்த புல்லை மூன்று நான்கு இடத்தில் தள்ளித் தள்ளிக் குவித்து வை. ஒடுங்கிய மூலை இருந்தால் குறுக்கே கட்டை வைத்து அடை. கயிற்றை அவிழ்ப்பதற்கு முன் அவன் தலையை உன் பக்கம், வாசலைப் பார்க்கத் திருப்பு. அவிழ்த்ததும் அவன் சட்டென்று திரும்பிப் பாய்வான், பின்னங்கால் வீச்சில் நீ நிற்கக் கூடாது.

பிறகு வெளியே வந்து கையைக் கட்டிக்கொண்டு நில். இதுதான் உனக்குக் கஷ்டம், எனக்குத் தெரியும். கழுத்தை வளைத்து மூக்கோடு மூக்கு வைத்து ஒருவர் மூச்சை ஒருவர் இழுப்பார்கள், ஒரு கத்தல், ஒரு முன்னங்கால் வீச்சு, ஓட்டம். காதை மடக்குவதும் பின்புறத்தைக் காட்டுவதும் எச்சரிக்கை. எச்சரிக்கையைப் புரிந்துகொண்டு அவன் விலகினால் எல்லாம் ஒழுங்காகப் போகிறது. முத்து சின்ன உருவம்தான். ஆனாலும் அவள்தான் ஆளப்போகிறாள் என்று எனக்குத் தோன்றுகிறது, உயரத்தைப் பார்த்து இது முடிவாவதில்லை. ஓய்வே விடாமல் துரத்தினால், மூலையில் மடக்கினால், தண்ணீர் குடிக்கவே விடாவிட்டால் பிரித்துவிடு, மறுபடி வேலியிலிருந்து தொடங்கு. நடுவில் மட்டும் புகாதே.

முதல் சில இரவுகள் தனித்தனியாகக் கட்டு. தினமும் நான்கு காலையும் தடவிப் பார். மூட்டுக்குப் பக்கத்தில் ஊசி குத்தின மாதிரி காயம் இருந்தாலும் அன்றே மருத்துவரைக் கூப்பிடு, அங்கே சின்னக் காயம் என்று எதுவும் இல்லை.

நாளாக ஆக இன்னொரு தொல்லை வரும். நெருங்கிவிட்டார்கள் என்றால் ஒருவரை நீ வெளியே கூட்டிப் போனதும் மற்றவர் வேலியோரம் ஓடிக் கனைத்துத் தீர்ப்பார். ஆரம்பத்திலிருந்தே ஐந்து நிமிடம், பத்து நிமிடம் என்று பிரித்துப் பழக்கு.

பிடரிமயிர் முடிந்து முதுகு தொடங்கும் மேட்டை ஒருவருக்கொருவர் பல்லால் சொறிந்துகொள்வதை ஒருநாள் பார்ப்பாய். அந்த இடத்தைச் சொறிந்தால் குதிரையின் இதயத்துடிப்பு குறைகிறது என்று 1993-இல் ஒரு ஆய்வு வந்தது. ஆனால் நான் காத்திருப்பது அதற்கு இல்லை. குதிரை நின்றபடியே கண்ணயரும், ஆழ்ந்த உறக்கத்துக்கு மட்டும் படுத்தாக வேண்டும். பயமிருக்கிற இடத்தில் படுக்காது. செவலை கால் நீட்டிப் படுத்திருக்க, முத்து பக்கத்தில் நின்று காவல் காக்கிற நாள் வந்தால் எனக்குப் போன் பண்ணு. எந்த நேரமானாலும் பரவாயில்லை.

அன்புடன்,
அப்பா

பி.கு.: பின்னங்கால் லாடம். இருவருக்கும்.