தச்சு வகுப்பு பற்றி பெற்றோருக்கு

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். ஒன்பதாம் வகுப்புக்கு இந்தப் பருவத்திலிருந்து வாரம் இரண்டு பாடவேளை தச்சு வேலை உண்டு. அறிவித்த நாளிலிருந்து உங்களில் பலர் கேட்பது: கையைக் கிழித்துக்கொண்டால் என்ன செய்வது? படிக்கிற நேரத்தில் இது எதற்கு?

முதலில் கை. மொக்கை உளியைக் கொடுங்கள், ஆபத்தில்லை என்றார் ஒரு தந்தை. மொக்கை உளிதான் ஆபத்து. அது மரத்தில் இறங்காது. பிள்ளை பலம் போட்டுத் தள்ளும். வழுக்கிக்கொண்டு போய் மறு கையில் ஏறும். அதனால் உளி தீட்டுவதுதான் முதல் பாடம். கட்டையை வைஸில் (மேசையோடு சேர்த்துப் பிடிக்கும் இடுக்கியில்) இறுக்கியபின் இரண்டு கையும் உளி முனைக்குப் பின்னால்தான் இருக்க வேண்டும். மீறுகிறவர் அன்றைக்கு வேடிக்கை மட்டும் பார்க்கலாம். மின்ரம்பத்தை ஆசிரியர் தவிர யாரும் தொடமாட்டார்கள். மரத்தூள் நுரையீரலுக்குக் கெடுதல் என்பதால் உப்புத்தாள் தேய்க்கும்போது முகக்கவசம் கட்டாயம்.

சரி, படிப்பு? இதனால் கணக்கில் மதிப்பெண் கூடும் என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். ஆனால் பிள்ளைகள் முதலில் செய்யப்போகிற படச்சட்டத்தையே பாருங்கள். ரம்பத்தின் பல்லுக்கும் ஒரு அகலம் உண்டு. கோட்டின் மேலேயே அறுத்தால் சட்டம் அளவில் குறைந்துவிடும். வெட்டி எறியப்போகிற கழிவுப் பக்கமாகத் தள்ளி அறுக்க வேண்டும். எதிரெதிர்ப் பக்கங்கள் சமமாக இருந்தும் சட்டம் கோணலாக நிற்கலாம். அப்போது இரண்டு மூலைவிட்டங்களையும் அளந்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். மரத்தின் நார் ஓடும் திசைக்கு எதிராக இழைப்புளியை (மரத்தைச் சீவி வழவழப்பாக்கும் கருவியை) தள்ளினால் மரம் பிய்ந்து வரும். கட்டையைத் திருப்பி வைத்தால் வழுவழுவென்று சுருள் விழும். ஈரக் காற்றில் பலகை குறுக்கே உப்பும், நீளவாக்கில் அநேகமாக அப்படியே இருக்கும். இதையெல்லாம் கரும்பலகையில் எழுதிப்போட்டு நான் புரியவைத்துவிட முடியாது. பின்லாந்தில் 1866-லேயே கைவேலையைப் பள்ளிப் பாடமாக்கிவிட்டார்கள். நாம் ஒன்றும் புதிதாகச் செய்யவில்லை.

மாணவிகளுக்கும் உண்டா என்று சிலர் கேட்டீர்கள். உண்டு.

கருவிகள் எதுவும் வாங்க வேண்டாம். வகுப்பு நாளில் மூடிய காலணி, கட்டிய முடி. மோதிரம், தொங்கட்டான் வேண்டாம். அப்புறம் ஒரு வேண்டுகோள்: சட்டம் கோணலாக வீட்டுக்கு வந்தால் நீங்கள் சரிசெய்து அனுப்பாதீர்கள். மூட்டு ஏன் சேரவில்லை என்று அடுத்த வகுப்பில் பிரித்துப் பார்க்க அதுதான் வேண்டும்.

இணைத்துள்ள ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திட்டு வகுப்பாசிரியரிடம் கொடுத்தனுப்புங்கள்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்